அத்தியாயம் 14: நட்ட தேதி

சவரியார் மொபெட்டைக் கிளப்பி வாசலில் நிறுத்திக்கொண்டு, "ஏறும்மா, பஸ் ஸ்டாப்புல விட்டுர்றேன்" என்றார்.

ஷாலினி மேரி சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அரியலூர் கரும்பு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்துதான் பஸ் பிடித்தாள். மழை கொட்டிய நாளில்கூட அந்த மொபெட் கொட்டகையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் நடந்தே போயிக்கிறேன் மாமா. வெட்டு ஆளுங்க வந்துட்டாங்க. நீங்க வயல்ல நிக்க வேணாமா?"

"அதெல்லாம் பிச்சமுத்து பாத்துக்குவான். ஏறு."

பிச்சைமுத்து கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி. வீட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஏக்கர் கரும்பில் பன்னிரண்டு பேரோடு விடிகாலையிலேயே இறங்கிவிட்டார். தோகை சரசரக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

சவரியாருக்கு இந்தக் கரும்பு ஏன் இவ்வளவு அவசரம் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொங்கலுக்கு முன்னால் கரும்பு ஆபீஸ் வாசலில் வெட்டு வரிசைப் பட்டியலை ஒட்டினார்கள். யார் வயலை முதலில் வெட்டுவது, அடுத்தது யார் வயல் என்று சொல்லும் பட்டியல். முதல் பெயர் சவரியார். அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு மகள் கிறிஸ்டிக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார். பிப்ரவரி நாலு. அந்த இரண்டு ஏக்கர் காலியானால்தான் பந்தல் போட இடம். நாள் தள்ளினால் சாம்பல் புதன் வந்துவிடும். அதற்குப் பிறகு தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாது. மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு நாள் பொறுக்கிற ஆட்கள் இல்லை என்பதை நிச்சயதார்த்தத்தன்று காப்பிக்குச் சர்க்கரை குறைந்ததற்கே முகத்தைத் தூக்கியதில் பார்த்துவிட்டோம்.

நேற்று ஞாயிறு பூசையில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பதைத்தான் ஓலை என்பார்கள். ஓலை வாசித்த கல்யாணத்தைத் தள்ளிவைத்தால் ஊர் சும்மா இருக்காது.

ஷாலினி மொபெட்டில் ஏறிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே சந்தோஷம், மறைப்பானேன். இரண்டு வருஷமாக "ஏம்மா" என்ற ஒரு சொல்லோடு அவளிடம் பேச்சை முடித்துக்கொண்ட மனிதர். ஒரு வாரமாகத் தலைகீழ். நேற்று மீன் குழம்பில் தலைத் துண்டை எடுத்து, "ஷாலினிக்கு வையி" என்று மாமியார் மதலேனம்மாளிடம் நீட்டினார். அந்த வீட்டில் மீன் தலை அவருடைய தட்டைத் தவிர வேறு தட்டைக் கண்டதில்லை. மதலேனம்மாளே ஒரு கணம் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

இவ்வளவு நாள் கழித்தாவது தன்னை இந்த வீட்டு மனுஷியாக நினைக்கிறாரே என்று ஷாலினி எண்ணிக்கொண்டாள். ஷிப்டு முடிந்து சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த கணவன் சகாய ஆனந்திடம் அதைச் சொல்லி லேசாகக் கண்கூடக் கலங்கினாள்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சவரியார் தேவைக்கு அதிகமாக ஹாரன் அடித்து மொபெட்டை நிறுத்தினார்.

"மருமவ ஆபீசுக்குக் கெளம்பிட்டா" என்றார், யாரும் கேட்காமலே.

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டார். ஷாலினி அதைக் கவனிக்கவில்லை.

பெரம்பலூர் சர்க்கரை ஆலையின் அரியலூர் கரும்பு ஆபீஸ் என்பது மூன்று அறை கொண்ட ஒரு வாடகைக் கட்டடம். முன்னறையில் ஷாலினியின் கம்ப்யூட்டர். பதினொரு மணிக்கு, பக்கத்து வயல்காரர் காசிநாதன் உள்ளே வந்தார். சவரியாரும் அவரும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாற்பது வருஷமாக விவசாயம் பார்க்கிறவர்கள். ஆனந்துக்கு அவர் பெரியப்பா முறை. அதனால் ஷாலினிக்குப் பெரிய மாமா.

"வாங்க பெரிய மாமா. ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கையிலிருந்ததை அவளுடைய மேஜைமேல் வைத்தார். ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை வெளேரென்ற கரும்புப் பூ.

"இது என்னன்னு தெரியுதாம்மா?"

"கரும்புப் பூ."

"பூத்துருச்சுன்னா இனிமே சாறு வத்தும். நாளு ஆக ஆக உள்ள வெறும் சக்கையா, நெட்டியாப் போவும். என் வயலு முச்சூடும் இப்படித்தான் நிக்கிது. ஒன் மாமனாரு வயல்ல ஒத்தப் பூவு காட்டு, நான் இப்பிடியே திரும்பிப் போயிர்றேன்."

"மொதல்ல நட்டவங்களுக்கு மொதல்ல வெட்டுங்கிற முறைப்படிதானே மாமா பட்டியல் எடுத்தோம்? தேதி எல்லாம் அதுலயே இருக்கு."

"ஒன் மாமனாரு அப்டிச் சொல்லலியே."

"என்ன சொன்னாரு?"

காசிநாதன் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "மருமவ ஆபீசுல இருக்கா, எனக்காக மொத பேராப் போட்டுட்டான்னு டீக்கடையில சொன்னாரு. நேத்துக் கோயில் வாசல்லயும் சொன்னாராம். ஊருக்கே தெரியும். ஒனக்குத்தான் தெரியாதாக்கும்."

ஷாலினிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மீன் தலைத் துண்டு நினைவுக்கு வந்தது. காலையில் மொபெட், ஹாரன், டீக்கடையில் சிரித்த அந்த ஆள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அந்தப் பிரியமெல்லாம் அவள் செய்யாத ஒரு காரியத்துக்குக் கிடைத்த கூலி. அவமானமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

"நான் அப்டிச் செய்யல மாமா."

"அப்ப இத எனக்கு வெளக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். நட்ட அன்று சர்க்கரை ஆலையின் ஆள் வயலுக்கே வந்து பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அட்டை. அதில் போன வருஷம் ஜனவரி ஆறு என்றிருந்தது. "சிறுவாச்சூர் ஆத்தா மேல சத்தியமா அன்னிக்குத்தான் நட்டேன். போர்டுல பிப்ரவரி பத்துன்னு போட்டுருக்கீங்க."

ஷாலினி திரையைத் திருப்பிப் பார்த்தாள். காசிநாதன் என்ற பெயருக்கு நேரே, 'நட்ட தேதி' என்ற தலைப்பின்கீழ் பிப்ரவரி பத்து. அதற்கு அடுத்த 'பதிவு தேதி'யின்கீழ் ஜனவரி ஆறு.

அட்டையையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

தலைப்பு வைத்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் கரும்புப் பதிவுக்கென்று ஒரு மென்பொருள். திறந்தால் ஒரே ஒரு பெரிய அட்டவணை. அதைச் செய்தவர்கள் தலைப்பு விஷயத்தில் மகா கஞ்சர்கள். பெயர், ஊர் இரண்டையும் முழுதாக எழுதிவிட்டு, மற்றதற்கெல்லாம் டி1, டி2 என்று குறியீடு போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். எது என்ன என்று வேலை செய்கிறவர்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு அந்த நாற்காலியில் இருந்த பானுப்ரியா பிரசவத்துக்குத் தாய்வீடு போகுமுன் ஒரே நாளில் வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். தன் கணக்கில் நுழைந்து அட்டவணையைத் திறந்து, "ஊருக்குப் பக்கத்துல வர்றது நட்ட தேதி, அதுக்கு அடுத்தது பதிவு தேதி, அவ்ளோதான்டி" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். ஷாலினி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், தலைப்பின்மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி விரிவதைக் கண்டுபிடித்தாள். தலைப்பை மாற்றலாம், வேண்டாத பத்தியை மறைக்கலாம், இழுத்து இடம் மாற்றலாம். உற்சாகமாக உட்கார்ந்து எல்லாத் தலைப்பையும் தமிழில் எழுதினாள். ஊருக்குப் பக்கத்தில் இருந்த டி1, நட்ட தேதி ஆயிற்று. அடுத்த டி2, பதிவு தேதி ஆயிற்று. வந்த விவசாயிகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாங்களே படித்துப் பார்த்தார்கள். கரும்பு அலுவலர் தமிழரசனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "நம்ம ஆபீஸ் பேரு பெரம்பலூர்ல தெரியட்டும்" என்று அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'எல்லோருக்கும் பொருந்தும்' என்ற கட்டத்தில் தானே டிக் போட்டுவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முன்னால் ஷாலினி 'நட்ட தேதி' என்ற தலைப்பை ஒருமுறை சொடுக்கினாள். அட்டவணை தேதி வாரியாகத் தன்னை அடுக்கிக்கொண்டது. அச்செடுத்து ஒட்டினார்கள்.

இப்போது அவள் பானுப்ரியாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் குழந்தை அழுதது.

"பானு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ அட்டவணையில ஏதாச்சும் பத்திய இடம் மாத்தி வெச்சிருந்தியா?"

"ஆமா. நட்ட தேதிதானே அடிக்கடி வேணும், அதனால அத முன்னாடி இழுத்து வெச்சிருந்தேன். ஏன்டி?"

"அது எல்லாருக்கும் மாறுமா?"

"இல்லல்ல. என் லாகின்ல மட்டும்தான். ஒனக்குப் புது லாகின் குடுத்துருப்பாங்கள்ல, அதுல பழையபடி பதிவு தேதிதான் மொதல்ல வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "நான் அத ஒனக்குச் சொல்லலியோ?"

"சொல்லல."

"ஐயையோ ஷாலு."

ஷாலினி போனை வைத்தாள். இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்காததற்கும் காரணம் இருந்தது. எல்லோரும் நட்டுவிட்டு ஒன்றரை மாதத்துக்குள் பதிவு செய்கிறவர்கள். இரண்டு தேதியும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் போகும். காசிநாதன்கூட முதலாவதற்குப் பதிலாக மூன்றாவதாகத்தான் இறங்கியிருந்தார். சவரியார் மட்டும் எதிலும் முந்திக்கொள்கிறவர். வயலை உழுத ஈரம் காயுமுன்னே, ஜனவரி மூன்றாம் தேதியே போய்ப் பதிவு செய்துவிட்டார். நடுவதற்குக் கரும்புத் துண்டு, அதாவது விதைக்கரணை, உடனே கிடைக்காததால் நட்டது மார்ச் மூன்று.

அந்த மார்ச் மூன்று ஷாலினிக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு நாளில் சாம்பல் புதன், அப்புறம் நாற்பது நாள் கறி கிடையாது என்று மதலேனம்மாள் நடவு ஆட்களுக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டாள். பரிமாறியது ஷாலினிதான்.

"பெரிய மாமா, தப்பு என் மேலதான்" என்றாள். "ஆனா வேணும்னு செய்யல. கொஞ்ச நேரம் வெளிய ஒக்காந்திருங்க."

காசிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பூ மேஜைமேலேயே கிடந்தது.

தமிழரசன் முழுக்கதையையும் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினார்.

"ஒங்க மாமனார் வயல்ல இன்னிக்கு வெட்டு நடக்குதுல்ல?"

"நடக்குது சார்."

"நடக்கட்டும். தலைப்ப மட்டும் ரெண்டையும் மாத்திப் போட்டுரு. மூணு நாள்ல அந்த வயலு முடிஞ்சிரும். அடுத்த பட்டியல் ஒழுங்கா வந்துரும். தலைப்பு மாத்துனதுக்கெல்லாம் அதுல பதிவு கிடையாது, யாருக்கும் தெரியப்போறதில்ல."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த யோசனை ஷாலினிக்குப் பிடித்திருந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டால் போதும். கிறிஸ்டிக்குப் பந்தல், மாமனாருக்குச் சந்தோஷம், தனக்கு மொபெட். ஜன்னல் வழியே பார்த்தாள். காசிநாதன் பெஞ்சில் அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் என்று இவர்கள் சொல்வது அவருக்கு மூன்று நாள் வற்றுகிற சாறு.

"இல்ல சார். புதுப் பட்டியல் எடுத்துட்டு வரேன், கையெழுத்துப் போடுங்க."

தலைப்புகளை மாற்றி, நட்ட தேதிப்படி மறுபடி அடுக்கினாள். காசிநாதன் முதலில் வந்தார். சவரியார் பதினான்காவதாகப் போனார். அவர் முறை வரும்போது பிப்ரவரி கடைசியாகிவிடும், சாம்பல் புதனும் தாண்டியிருக்கும்.

தமிழரசன் கையெழுத்துப் போட்டார். "வெட்ட நிறுத்தச் சொல்றத நீயே போய்ச் சொல்லிரு. ஒங்க வூட்டு விஷயம்" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "அப்பறம், அந்தத் தலைப்பு செந்துறை, ஜெயங்கொண்டம்னு எல்லா ஆபீசுக்கும் போயிருக்கு. பெரம்பலூர்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. எல்லாருக்கும்னு டிக் போட்டது நீதானே?"

"நீங்கதானே சார் போட்டீங்க?"

"நானா? எனக்கு அப்டி ஞாபகம் இல்லியேம்மா."

கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செந்துறை பஸ்ஸில் ஷாலினி ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமனாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

வயலுக்கு வந்தபோது மணி இரண்டரை. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு மறுபடி அரிவாளைப் பிடித்திருந்தார்கள். கிழக்கோரம் அரை ஏக்கருக்குமேல் தரையாகிவிட்டது. அங்கே நின்று சவரியார் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, அரை நாள் லீவா? நல்லதாப் போச்சு, இங்க வா. மேடை இந்தப் பக்கம், சாப்பாட்டுப் பந்தி அந்தப் பக்கம். எப்டி?"

"மாமா, வெட்ட நிறுத்தணும்."

அவர் சிரித்தார். சொன்னது விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஷாலினி தலைப்பு, தேதி, பானுப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். புதுப் பட்டியலை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. "தலைப்புத்தானே தப்பு? அத மாத்திட்டு விடு. வெட்டுறது வெட்டட்டும்."

"நம்ம மார்ச்சுலதான் நட்டோம் மாமா. கறிச்சோறு போட்டோம்ல? ஒங்களுக்கும் தெரியும்."

"பந்தல எங்க போடச் சொல்ற? ஓலை வாசிச்சாச்சு. கார்டு அடிக்கக் குடுத்தாச்சு. ஒனக்கு நான் மாமனாரா, காசி மாமனாரா?"

காகிதத்தை நீட்டிய கையை ஷாலினி மடக்கவில்லை.

பிறகு சவரியார் வேறு குரலில் கேட்டார்.

"அப்ப நீ எனக்காகப் போடலியா?"

"இல்ல மாமா. தெரியாம நடந்தது."

அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் ஷாலினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போனதுபோல் நின்றார். பெற்ற பிள்ளையே தனக்காக இப்படி ஒன்றைச் செய்ததில்லை, வந்த மருமகள் செய்திருக்கிறாள் என்று அவர் நம்பியிருந்தார்.

"பிச்சமுத்து" என்று கூப்பிட்டார். "நிறுத்தச் சொல்லு. வெட்டுனத மட்டும் ஏத்திட்டு, அந்த வயலுக்குப் போங்க. காசி வயலுக்கு."

காகிதத்தை வாங்காமலே வீட்டைப் பார்க்க நடந்தார்.

வீட்டில் மதலேனம்மாள் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். கிறிஸ்டி செய்தியைக் கேட்டுவிட்டு அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. ஷாலினி அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

"இப்ப இந்தக் கல்யாணத்த எங்கதான் நடத்துறது, அதச் சொல்லு" என்றாள் மதலேனம்மாள், முதுகைத் திருப்பாமலே.

"மண்டபம் பாக்கலாம் அத்தே."

"பதினஞ்சு நாள்ல எந்த மண்டபம் காலியா இருக்கு? தவக்காலத்துக்கு முன்னாடி ஊரே கல்யாணம் வெச்சிருக்கு."

உள்ளேயிருந்து கிறிஸ்டி வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, காசி பெரியப்பா வயலு இந்த வாரத்துல காலியாயிரும்ல?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"நம்ம வயலவிட அது ரோட்டு ஓரம். மறுபடி தழையறதுக்குக் கட்டையக்கூட விடப்போறதில்ல, உழுதுட்டுச் சோளம் போடப்போறேன்னு அவரே சொன்னாரு. பந்தல் அங்க போடலாம்ல?"

யோசனை நல்ல யோசனைதான். போய்க் கேட்பது யார் என்பதுதான் கேள்வி. மூன்று பெண்களும் முற்றத்துக் கட்டிலைப் பார்த்தார்கள். அங்கே படுத்திருந்த சவரியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தாரே தவிர, காதை மூடிக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தார். சட்டையை மாட்டினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டு, மறுபடி எடுத்துக் கொடியிலேயே போட்டார்.

"ஷாலினி, வாம்மா."

காசிநாதன் வீட்டு வாசலில் பிச்சைமுத்துவும் இன்னும் மூன்று வெட்டு ஆட்களும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சவரியாரின் நடை கொஞ்சம் தளர்ந்தது. தனியாகப் பேசலாம் என்று வந்திருப்பார்.

"வா சவரி, ஒக்காரு" என்றார் காசிநாதன்.

"ஒக்காரல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருமவ எனக்காக மொத பேராப் போட்டான்னு நாலு எடத்துல சொன்னேன்ல, அது பொய்யி. அவ என்கிட்ட அப்டி ஒண்ணும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன், நானா சொல்லிக்கிட்டேன். அவளுக்கு நடந்தது கை தவறுதலு. தெரிஞ்சதும் மொத ஆளா என் வயல்லதான் வந்து நிறுத்துனா."

டீ குடித்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள்.

"டீக்கடையிலயும் நாளைக்கு இதச் சொல்லிர்றேன்" என்றார் சவரியார்.

காசிநாதன் அவரைப் பார்த்தார். பிறகு ஷாலினியைப் பார்த்தார். "டீ குடிக்கிறியாம்மா?" என்றார்.

"இல்ல மாமா, இருக்கட்டும்."

"குடி. இங்க வந்துட்டு வெறும் வாயோட போவாத."

அவள் வாங்கிக் குடித்தாள். சவரியாரும் குடித்தார். மழை, சோள விதை, ஆள் கூலி என்று இரண்டு பெரியவர்களும் பொதுவாகப் பேசினார்கள். ஷாலினி பந்தல் பேச்சு வரும், வரும் என்று காத்திருந்தாள். கிளாஸ் காலியானதும் சவரியார், "வரேன் காசி" என்று எழுந்துவிட்டார்.

வரப்பு தாண்டியபின் அவளால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, பந்தல் விஷயம் கேக்கலியே?"

"இன்னிக்குக் கேக்கக் கூடாதும்மா. கேட்டா, எடத்துக்காகத்தான் வந்து சொன்ன மாதிரி ஆயிரும்."

"கல்யாணத்துக்கு நாள் இல்லியே?"

"இல்லதான்" என்றார். குரலில் கவலை இருந்தது. ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அவள் போன் அதிர்ந்தது. தமிழரசன். 'புதன்கிழமை பத்து மணிக்குப் பெரம்பலூரில் விசாரணை. தலைப்பை மாற்றியதும், எல்லா ஆபீசுக்கும் பொருந்தும்படி செய்ததும் நான்தான் என்று உன் பெயரில் கடிதம் எழுதிக் கொண்டுவரவும்.'

ஷாலினி அதை மாமனாரிடம் காட்டினாள். இன்றைக்குக் காலையில் என்றால் காட்டியிருக்க மாட்டாள். அவர் போனைத் தூரமாகப் பிடித்து, உதட்டை அசைத்து முழுதும் படித்தார்.

"எல்லாருக்கும்னு போட்டது யாரு?"

"அவருதான் மாமா."

"என்ன எழுதப்போற?"

"நான் செஞ்சத எழுதுறேன். அவரு செஞ்சத அவருதான் எழுதணும்."

"வேல போயிருமோ?"

"போனாலும் போவும்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அரைகுறையாக வெட்டிய கரும்பு பக்கத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. நாளையிலிருந்து பழையபடி ஒன்றரை கிலோமீட்டர் நடைதான் என்று ஷாலினி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

படியேறப்போன சவரியார் நின்றார்.

"காலையில ஏழரை பஸ்ஸுதானே ஒனக்கு?"

"ஆமா மாமா."

"ஏழு மணிக்கு ரெடியா இரு. வண்டிய எடுக்குறேன்."